ஏமாந்தவரா, ஏமாற்றியவரா? போர்க்காலத் தலைவர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி வரலாறு படிக்கிறோம். இரண்டு ஆசிரியர்கள், ஒரு நூல் வியாபாரி, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், விலை விழுந்தாலும் மஞ்சள் போடுவதை விடாத ஒரு விவசாயி. கொஞ்ச காலமாகப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. போர் நடக்கும்போது தலைவர்கள் எடுக்கும் முடிவுகளை எப்படிப் பார்ப்பது? அவர்கள் மனசில் என்ன இருந்தது என்று நாம் எப்படிச் சொல்வது? கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தால் அது வக்காலத்து வாங்குவதாகிவிடுமா? புதிதாக வருகிறவர்களும் இதையே கேட்பதால், பதில்களை எழுதி வைக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பதில்கள் என்னுடையவை. எல்லோரும் ஒத்துக்கொண்டவை என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தது?

டீக்கடையில்தான். 2025 மே 10, சனிக்கிழமை. பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதற்குப் பதிலடி என்று மே 7 அன்று தொடங்கிய இந்தியா-பாகிஸ்தான் மோதல், நான்காம் நாள் நின்ற சாயங்காலம். ஒருவர், "ஓட்டுக்குத்தான் ஆரம்பிச்சாங்க" என்றார். பக்கத்து பெஞ்சுக்காரர், "எவனுக்கோ பயந்துட்டுத்தான் நிறுத்துனாங்க" என்றார். இரண்டு பேருக்கும் துளி சந்தேகம் கிடையாது. எங்கள் பட்டாளத்து மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, ரெண்டு பேரும் அந்த ரூமுக்குள்ள இருந்தீங்களா?"

அதே நேரத்தில் டெல்லியில் இன்னொன்று நடந்தது. சண்டை நிற்பதாக அறிவித்தவர் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி. முடிவு அரசாங்கத்துடையது, வாசித்தது மட்டும் அவர். ஆனாலும் துரோகி என்று அவர் மேல் பாய்ந்தார்கள். அவருடைய மகளையும் விடவில்லை. கடைசியில் அவர் தன் எக்ஸ் கணக்கையே பூட்டி வைக்க வேண்டி வந்தது. நாலு நாள் சண்டையில், மனசுக்குள் என்ன இருந்தது என்று தீர்ப்புச் சொல்லும் அவசரம் ஒரு அதிகாரியின் வீட்டுப் பிள்ளை வரைக்கும் போயிற்று. அடுத்த ஞாயிறு இதைத்தான் பேச எடுத்தோம்.

இரக்கத்தோடு எடைபோடுவது என்றால் மன்னித்துவிடுவதா?

இல்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அமுச்சி, அதாவது பாட்டி. 1962-இல் சீனாக்காரன் எல்லை தாண்டியபோது தேசியப் பாதுகாப்பு நிதிக்கு ஊர் ஊராக நகை வாங்கினார்கள். அமுச்சி கையில் கிடந்த இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். சோப்புப் போட்டும் கழலாமல், விளக்கெண்ணெய் தடவி இழுத்தார்களாம். மணிக்கட்டு மூன்று நாள் வீங்கிக் கிடந்ததாம். போர் ஒரே மாதத்தில் முடிந்தது, தோற்றோம். அரசுக் கணக்குப்படி இறந்த வீரர்கள் 1,383 பேர். ஏறத்தாழ 1,700 பேரைக் காணவில்லை.

பிற்காலத்தில் நேருவைப் பற்றிப் பேச்சு வந்தால் அமுச்சி ஒரே வரிதான் சொல்வார்: "அவுரு ஏமாந்துட்டாரு சாமி, ஏமாத்துல." உடனே அடுத்த வரியும் வரும்: "ஆனா வளையலு போனது போனதுதான்."

என்னால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஏமாந்தவர் வேறு, ஏமாற்றியவர் வேறு. இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதுதான் இரக்கம். ஏமாந்தவரிடமும் கணக்குக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். குளிருக்கு ஏற்ற உடுப்பும் சரியான துப்பாக்கியும் இல்லாமல் பையன்களை மலைமேல் ஏற்றியதற்கு, நல்ல மனசு சமாதானம் ஆகாது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி போனதும் அந்தக் கணக்கில்தான். தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963-இல் தயாராகியும், எந்தக் கட்சி ஆண்டாலும் அரசு அதை இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. எனக்கு நேருவின் மனசைவிட அந்த அறிக்கைமேல்தான் ஆத்திரம்.

மனசில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாதா?

முடியும், ஓரளவுக்கு. ஆனால் நாம் நினைக்கிற வேகத்தில் முடியாது.

எங்கள் தோட்டம் கீழ்பவானிப் பாசனத்தில் இருக்கிறது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை மாற்றித் தண்ணீர் விடுவார்கள். ஒரு வருடம் எங்கள் முறையில் கடைமடைக்குத் தண்ணீர் ஏறவேயில்லை. மேல்மடை பங்காளி ராத்திரியில் குழாயை அடைக்கிறார் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். சாட்சி? ராத்திரி பதினோரு மணிக்கு அவர் டார்ச் லைட்டோடு வாய்க்கால் மேட்டில் நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. கிடாவெட்டுக்கு அழைப்பில்லை, எழவுக்கு மட்டும் போனார்கள். மூன்றாம் வருடம் வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரான லஸ்கர் குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்தியபோது, மக்கிப்போன உரச்சாக்கு ஒன்று உருண்டையாக வெளியே வந்தது. பங்காளி டார்ச் லைட்டோடு வந்தது ஏன் என்று அப்புறம்தான் கேட்டோம். அவருக்கும் தண்ணீர் ஏறவில்லை. அவர் எங்கள் அப்பாமேல் சந்தேகப்பட்டு வந்து நின்றிருக்கிறார்.

பக்கத்துக் காட்டுக்காரர் மனசையே இரண்டு வருடம் தப்பாகப் படித்தோம். தலைவர்கள் விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் நடுவில் செய்தித் தொலைக்காட்சி, கட்சி, மொழி, ராணுவ ரகசியம் என்று எத்தனை சாக்கு அடைத்துக்கொண்டு கிடக்கிறது!

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த வருடம் எங்கள் நெல் காய்ந்தது காய்ந்ததுதான். பங்காளி மனசு சுத்தம் என்று தெரிந்ததால் ஒரு மூட்டை கூடுதலாக விளைந்துவிடவில்லை.

'உள்நோக்கம்' என்றாலே கெட்டது என்றுதானே அர்த்தம்?

பேச்சு வழக்கில் அப்படித்தான் ஆகிவிட்டது. "உள்நோக்கத்தோடு செய்தார்" என்று யாரையாவது பாராட்டிக் கேட்டிருக்கிறீர்களா? நல்லது செய்தவனுக்கு நோக்கம், பிடிக்காதவனுக்கு உள்நோக்கம். சொல்லை எடுக்கும்போதே தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. எங்கள் கூட்டத்தில் அந்தச் சொல்லுக்குத் தடை போட்டுப் பார்த்தோம். அரை மணி நேரம் யாருக்கும் பேச்சே வரவில்லை.

எதிரியின் நோக்கத்தைப் புரிந்துகொண்டு நமக்கு என்ன லாபம்?

உயிர்தான் லாபம். அமுச்சி வளையல் கழற்றிய அதே 1962 அக்டோபரில், உலகத்தின் மறுபக்கத்தில் கியூபா நெருக்கடி ஓடிக்கொண்டிருந்தது. சோவியத் அணு ஏவுகணைகள் கியூபாவுக்கு வந்துவிட்டன. அமெரிக்கத் தளபதிகள் குண்டு போடலாம் என்று நெருக்கினார்கள். சோவியத் தலைவர் குருஷேவிடமிருந்து அக்டோபர் 26 அன்று ஒரு கடிதம் வந்தது: மனம் திறந்து, போரின் பயங்கரத்தைச் சொல்லி, கியூபாமேல் படையெடுக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்தால் பின்வாங்கலாம் என்ற தொனியில். மறுநாளே இன்னொரு கடிதம், விறைப்பாக: துருக்கியில் இருக்கும் அமெரிக்க ஏவுகணைகளையும் எடுக்க வேண்டும் என்று.

இரண்டில் எதை நம்புவது? "ஆள் ஏமாற்றுகிறான், அடித்துவிடலாம்" என்று முடிவெடுக்க எல்லாக் காரணமும் இருந்தது. அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசனை அறையில் தாம்சன் என்ற ஒருவர் இருந்தார். மாஸ்கோவில் தூதராக இருந்தவர், குருஷேவை நேரில் பழகி அறிந்தவர். அந்த மனிதருக்கு இப்போது தேவை, "கியூபாவை நான் காப்பாற்றினேன்" என்று தன் ஆட்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு வழி. அதைக் கொடுத்தால் இறங்கி வருவார் என்றார். கென்னடி அந்த வழியைக் கொடுத்தார். துருக்கி ஏவுகணைகளை எடுத்துக்கொள்வதாகத் தனியாக, ரகசியமாக வாக்கும் கொடுத்தார். அக்டோபர் 28 அன்று குருஷேவ் இறங்கி வந்தார்.

குருஷேவ் நல்லவர் என்று தாம்சன் சொல்லவில்லை. அந்த ஆளுக்கும் பயம் உண்டு, மானம் உண்டு, ஊருக்குத் திரும்பிப்போய்ப் பதில் சொல்ல வேண்டிய இடம் உண்டு என்றுதான் சொன்னார். நம்மூரில் பஞ்சாயத்துப் பேசும் பெரியவர்களுக்கு இது தெரியாததா? "அவனும் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகோணுமல்ல" என்பார்கள்.

அந்த ரகசிய வாக்கு கால் நூற்றாண்டுக்கு மேல் வெளியே முழுதாகத் தெரியவில்லை. அதுவரை, கென்னடி உறுதியாக நின்றதால்தான் மற்றவன் பணிந்தான் என்றே உலகம் பாடம் படித்தது. நான்கூட அப்படித்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன்.

எல்லாம் வெளிநாட்டுக் கதை. நம்ம பக்கத்து ஆள் யாராவது?

சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் பிறந்தவர். 1964-இல் லால் பகதூர் சாஸ்திரி அவரை மத்திய உணவு, வேளாண் அமைச்சராக்கினார். யாரும் விரும்பி வாங்கிக்கொள்ளாத இலாகா அது. அடுத்த ஆண்டே மழை பொய்த்தது, கூடவே பாகிஸ்தானோடு போர். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நம்பித்தான் ரேஷன் கடை ஓடிக்கொண்டிருந்தது. வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று சாஸ்திரி நாட்டைக் கேட்டது அப்போதுதான்.

அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமையை மொத்தமாகத் தராமல், மாதத்துக்கு இவ்வளவு என்று இழுத்து இழுத்துக் கொடுத்தார். இந்தியா தன் விவசாயத்தைத் திருத்த வேண்டும் என்பது ஒரு காரணம். வியட்நாம் போரை இந்தியா கண்டித்ததில் கோபம் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. ஒரு மனசில் இரண்டு காரணம் இருக்கக் கூடாதா என்ன? நாம் ஒரு கல்யாணத்துக்குப் போவதற்கே மூன்று காரணம் வைத்திருக்கிறோம்.

சுப்பிரமணியம் 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சரோடு உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்கினார். டெல்லியில் தன் பங்களாப் புல்வெளியை உழுது கோதுமை விதைத்தார். நாடாளுமன்றத்தில் கிடைத்த பேச்சு என்ன? நாட்டை அமெரிக்காவுக்கு அடகு வைக்கிறார் என்பது. 1967 தேர்தலில் தோற்றும் போனார். மறுவருடம் இதுவரை காணாத கோதுமை அறுவடை. 1968-இல் கோதுமைப் புரட்சி என்று அஞ்சல் தலையே போட்டார்கள்.

இதைச் சொன்னால், "அப்ப அவரை விமர்சித்தவங்க எல்லாம் முட்டாளுங்களா?" என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. இல்லை. உரத்துக்கும் விதைக்கும் அந்நியரை நம்புவது ஆபத்து, பெரிய விவசாயிக்குத்தான் இது உதவும் என்றவர்களின் வாதத்தில் சரக்கு இருந்தது. இன்றைக்கு நம் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பார்த்தால் அது இன்னும் நன்றாகத் தெரிகிறது. விலைபோய்விட்டார் என்று சொன்னவர்களிடம்தான் ஒன்றும் இல்லை. திட்டத்தை எதிர்த்தவர்களின் பேச்சை இப்போதும் எடுத்துப் படிக்கலாம். ஆளை ஏசியவர்களின் பேச்சில் படிக்க எதுவும் கிடையாது.

நல்ல மனசுக்காரர் கெட்ட முடிவு எடுப்பாரா?

தாராளமாக. சாஸ்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். எளிமைக்குப் பெயர் போனவர். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி மலையகத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். அந்தப் பத்து லட்சம் பேரில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. அண்டை நாட்டோடு உறவு கெடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணமாக இருந்திருக்கும். அப்படி வந்தவர்களில் பல குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் காட்டில் குடியேறின. அவர்களிடம் போய் "சாஸ்திரி நல்ல மனுசன்" என்று சொல்லிப் பாருங்கள்.

அப்படியானால் சர்ச்சிலுக்கும் இரக்கம் காட்ட வேண்டுமா?

இது எங்களுக்குள் சண்டை வந்த கேள்வி.

முதலில் சர்ச்சில் காட்டிய இரக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1938-இல் ஹிட்லரோடு மியூனிக்கில் சமரசம் செய்துகொண்ட பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின். அதை மிகக் கடுமையாக எதிர்த்தவர் சர்ச்சில். முதல் உலகப்போரில் சேம்பர்லின் தம்பி மாதிரி நேசித்த உறவுக்காரர் ஒருவர் செத்துப்போனார். இன்னொரு போர் வேண்டாம் என்ற தவிப்பு அவருக்கு நிஜமாகவே இருந்தது. 1940 நவம்பரில் அவர் இறந்தபோது லண்டன்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து, இந்த மனிதரின் நம்பிக்கைகள் பொய்த்துப்போயின, ஒரு கெட்டவனால் ஏமாற்றப்பட்டார், ஆனால் அந்த நம்பிக்கைகள் அமைதியை விரும்பும் மனசிலிருந்து வந்தவை என்று பேசினார். சேம்பர்லின் செய்தது சரி என்று ஒரு சொல் கிடையாது.

அதே சர்ச்சில்தான் 1943 வங்கப் பஞ்சத்தின்போதும் பிரதமர். பர்மா அரிசி நின்றுபோனது. ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாதென்று வங்கக் கரையோரப் படகுகளையும் அரிசியையும் அரசாங்கமே அப்புறப்படுத்தியது. தானியம் கேட்டுத் தந்தி மேல் தந்தி போனது. போருக்குக் கப்பல் வேண்டும் என்று லண்டன் போதுமான அளவு தரவில்லை. முப்பது லட்சம் பேர் வரை செத்தார்கள். இந்தியர்களைப் பற்றிச் சர்ச்சில் எவ்வளவு இளக்காரமாகப் பேசினார் என்பதை, இந்திய விவகாரங்களைப் பார்த்த அவருடைய சொந்த அமைச்சர் எமரியே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் நூல் வியாபாரி, "இந்த ஆளுக்கு என்னால முடியாதுங்க" என்று எழுந்தே போய்விட்டார். நானும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறேன். போர் நெருக்கடி, கப்பல் தட்டுப்பாடு எல்லாவற்றையும் எடையில் வைக்கலாம். வைத்த பிறகும் தட்டு மேலே வரவில்லை. காரணம், இங்கே மனசைப் பற்றி நாம் ஊகிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுதிவைத்த சாட்சி இருக்கிறது. இரக்கத்தோடு எடைபோட்டால் எல்லோரும் தப்பித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

நம்மூர் வீரர்களையும் இப்படிக் கேள்வி கேட்பீர்களா?

கேட்டோம். தீரன் சின்னமலை மைசூருக்குப் போன வரிப் பணத்தை மறித்துப் பறித்து, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்ததாகச் சொல்" என்று அனுப்பினார் என்பது ஊர்க்கதை. அப்புறம் அவரே மைசூர்த் திப்புவோடு சேர்ந்து கும்பினிப் படையை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை எதிர்த்தார். 1805-இல் ஆடிப் பதினெட்டு அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். நம்மாள் அணி மாறினால் காலத்தின் தேவை. வேற்றூரான் மாறினால் சந்தர்ப்பவாதி. இதை நான் சொன்னதும் கூட்டம் கொஞ்ச நேரம் கப்சிப். அரச்சலூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கட்சிக்காரர்கள் இதைச் செய்ய முடியுமா?

கஷ்டம்தான். 2009-இல் இலங்கையில் முடிந்த போரை எடுத்தால் எங்கள் கூட்டம் இரண்டாகிவிடும். ஏப்ரல் 27 காலையில் கருணாநிதி மெரினாவில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று இலங்கை அரசு அறிவித்ததும் மதியத்துக்குள் முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் முள்ளிவாய்க்காலில் குண்டுகள் விழுந்தன. அதற்கு முன் மார்ச் 9 அன்று ஜெயலலிதாவும் ஈழத் தமிழருக்காக உண்ணாவிரதம் இருந்தார். அதுவரை புலிகளைக் கடுமையாக எதிர்த்து வந்தவர். மே 13 இங்கே வாக்குப்பதிவு. ஒரு கட்சிக்காரருக்கு அவர் இருந்தது நாடகம், இவர் இருந்தது தவிப்பு. மற்றவருக்கு அப்படியே தலைகீழ்.

நான் அவர்களிடம் கேட்பது வேறு. 2008 அக்டோபரில் இலங்கையில் போர் நிறுத்தம் வர வைக்க மத்திய அரசுக்கு இங்கிருந்து இரண்டு வாரம் கெடு வைத்தார்கள். தி.மு.க. எம்.பி.க்களின் ராஜினாமாக் கடிதங்கள் தலைவர் கைக்கு வந்தன. அவை சபாநாயகரிடம் போய்ச் சேரவில்லை. ஏன்? ஆட்சியில் இருந்துகொண்டே டெல்லியை நெருக்குவது மேல் என்று உண்மையிலேயே நம்பியிருக்கலாம். பதவி ஆசையாகவும் இருக்கலாம். இரண்டும் கலந்தும் இருக்கலாம். உள்ளே இருந்து நெருக்கியதில் கிடைத்தது என்ன என்று பார்த்தால், அதற்கு மனசைத் தோண்ட வேண்டியதில்லை. நாட்காட்டியும் செத்தவர் கணக்கும் போதும்.

அண்ணாவையும் இப்படித்தான் பார்த்தோம். சீனப் போர் வந்ததும் போராட்டத்தை நிறுத்தி அரசாங்கத்துக்குக் கைகொடுத்தார். 1963-இல் திராவிட நாடு கோரிக்கையையே கைவிட்டார். அதே ஆண்டு பிரிவினை கேட்பவர் தேர்தலில் நிற்க முடியாதபடி 16-ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. நாட்டுப் பற்றா, கட்சியைக் காப்பாற்றும் சாமர்த்தியமா? எனக்கு இரண்டும்தான் என்று படுகிறது. இரண்டும் இருந்ததில் ஒரு குறையும் தெரியவில்லை.

படையெடுத்து வந்தவருக்குமா இரக்கம்?

புதினைத்தான் கேட்கிறீர்கள். மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ தன் வாசலுக்கு வருகிறது என்ற பயம் அவருக்கு உண்மையாகவே இருந்திருக்கலாம். உக்ரைனை ஒரு தனி நாடாகவே அவர் மதிக்கவில்லை என்பதும் அவருடைய எழுத்திலும் பேச்சிலும் இருக்கிறது. 2022 பிப்ரவரி 24 அன்று படையை அனுப்பியது அவர். குழந்தைகளைக் கடத்திக்கொண்டு போனதற்காகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2023 மார்ச் 17 அன்று பிடியாணை போட்டது. வீட்டுக்காரனுக்குத் திருடனின் பசி புரியலாம். கதவைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. அவருடைய பயத்தைப் புரிந்துகொள்வது, நாளைக்குப் பேச்சுவார்த்தை மேசையில் உட்காருகிறவர்களுக்கு உதவும். அதற்கு மேல் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

நம்ம பக்கத்துக்கு இது தூரத்துச் சண்டையும் இல்லை. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி அமெரிக்கா கூடுதல் வரி போட்டதில், 2025 ஆகஸ்ட் 27 முதல் மொத்த வரி 50 சதவீதம் ஆனது. திருப்பூரில் என் மச்சான் ஜாப் ஒர்க் எடுக்கும் கம்பெனியில் இருபது பவர் டேபிள் தையல் மெஷினில் பன்னிரண்டுக்கு உறை மாட்டிவிட்டார்கள். புதின் மனசு, டிரம்ப் மனசு, நம்ம ஆட்கள் மனசு என்று மூன்றையும் அவன் ஒரே கெட்ட வார்த்தையில் எடைபோடுகிறான். அவனைத் திருத்த நான் போகவில்லை.

இரக்கம் எந்த இடத்தில் நிற்க வேண்டும்?

தெரிந்தே தொடர்ந்த இடத்தில். 1964 மே மாதம் அமெரிக்க அதிபர் ஜான்சன் தொலைபேசியில் பேசியது ஒலிநாடாவாக இருக்கிறது. வியட்நாம் சண்டை போடத் தகுந்த இடமே இல்லை, ஆனால் வெளியேறவும் வழி தெரியவில்லை என்று புலம்புகிறார். ராத்திரி தூக்கம் வரவில்லை என்கிறார். கேட்டால் பாவமாகத்தான் இருக்கிறது. அடுத்த மார்ச்சில் தரைப்படையை இறக்கினார். அமெரிக்கர்கள் மட்டும் 58,000 பேருக்கு மேல் செத்தார்கள். வியட்நாமியர் எத்தனையோ மடங்கு. அவருடைய பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா, நாங்கள் செய்தது பெரும் தவறு என்று 1995-இல் எழுதினார். முப்பது வருடம் தாமதம்.

ஏமாந்தவர் விழித்துக்கொண்ட பிறகும் அதே வழியில் ஆளை அனுப்பினால், அந்த நொடியிலிருந்து அவர் ஏமாற்றுகிறவர். ஜான்சனின் தூக்கமின்மையை நான் நம்புகிறேன். அதனால்தான் அவரை இன்னும் கடுமையாகப் பார்க்கிறேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்ன செய்வது?

பெரியப்பா "துரோகி" என்று அனுப்பினால், "ஏனுங் பெரீப்பா, அவரு என்ன செஞ்சிருக்கோணும்ங்கறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பாதி நேரம் பதில் வராது. வந்தால் அது நல்ல பேச்சாக இருக்கும். இன்னொரு வழி, ஒலியை அடைத்துவிட்டுத் தூங்கப் போவது. நான் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன்.

போரில் பிள்ளையைக் கொடுத்தவர்களிடம் இதைச் சொல்ல முடியுமா?

சொல்லக் கூடாது. சத்தியமங்கலம் பக்கம் அப்படி ஒரு வீட்டுக்குப் பட்டாளத்து மாமா என்னைக் கூட்டிப் போனார். கார்கிலில் போன பையன். 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் லாகூருக்குப் பேருந்தில் போனது, மே மாதம் சண்டை மூண்டது, எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று விமானப்படைக்கு அவர் போட்ட கட்டளை, உளவுத் தகவல் கோட்டை விட்டதை விசாரித்த கே. சுப்பிரமணியம் குழு என்று வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் மாமா, "உள்ள போயி இதெல்லாம் வேண்டாம் மாப்ள" என்றார்.

திண்ணையில் உட்கார்ந்தோம். அந்த அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். இந்த வருடம் சோளத்தட்டு விலை, பவானிசாகரில் எத்தனை அடி தண்ணீர், பேத்திக்குப் பார்த்திருக்கும் இடம் என்று பேசினார்கள். எந்தத் தலைவர் பெயரும் யார் வாயிலும் வரவில்லை. பால் கறக்க நேரமாகிவிட்டது என்று அவர் எழுந்தார். நாங்களும் எழுந்தோம். படிக்கல்லில் பார்த்து இறங்கச் சொன்னார், ஒரு கல் ஆடுமாம்.